விட்டுப் பிடிக்கும் சக்கரம்

எங்க சித்தப்பா ஒரு தடவை தூண்டில் கம்பையே கண்மாய்க்குள்ள வீசிட்டார். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு இருக்கும். மடைக்குப் பக்கத்துல, அல்லி மண்டிக் கிடந்த இடம். தக்கை முங்கினதும் சுண்டி இழுத்தார். வரலை. மூங்கில் வளைஞ்சு நுனி தண்ணியைத் தொட்டுருச்சு. இன்னும் ஒரு மூச்சு பிடிச்சிருந்தா நரம்பு அறுந்திருக்கும். அவர் கம்பை மீன் போற திசையிலேயே விட்டுட்டார். நான் அழாத குறை. "போச்சே சித்தப்பா"ன்னேன். "போகட்டும்டா, எங்க போயிரும்? கண்மாய்க்குள்ளதான இருக்கு"ன்னு சொல்லிட்டு பீடியைப் பத்த வச்சார்.

கம்பு தானா தண்ணி மேல ஓடுச்சு, நின்னுச்சு, திரும்பி ஓடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஓரிடத்துல அசையாம கிடந்தது. இடுப்பளவு தண்ணியில இறங்கி எடுத்துட்டு வந்தார். ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு விரால். அது அவரோட சொந்த யோசனைன்னுதான் இத்தனை வருசமா ஊருக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன்.

போன தை மாசம் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார், இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா படிக்கிறவர். வரும்போது பழைய வேட்டித் துணியில சுத்தி ஒரு சாமான் கொண்டு வந்தார். அவரோட தாத்தா மலைத் தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை ஒருத்தர்கிட்ட வேலை பார்த்தவராம். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துட்டுப் போன பொருள், வீட்டுப் பரண்ல கிடந்திருக்கு. "அண்ணே, இது என்னன்னு பாருங்க, ராட்டினம் மாதிரி இருக்கு"ன்னார்.

உள்ளங்கை அகலம். கருத்த மரம். ரெண்டு மரத் தட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி, முன்தட்டுல கொம்புல செஞ்ச ரெண்டு சின்னக் கைப்பிடிக் குமிழ். பின்தட்டுல நட்சத்திரம் மாதிரி ஒரு பித்தளைச் சட்டம். நடுவுல ஒரே ஒரு அச்சு. சுத்திப் பார்த்தா சுத்தலை. மரம் ஊதி இறுகிப் போயிருந்தது. அதுல ஒரு எழுத்தும் இல்லை, யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியலை. ஆனா அந்த நட்சத்திரத்தை வச்சு எந்த ஊர்ச் சாமான்னு தெரிஞ்சுக்க முடிஞ்சது. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம். அங்க இதை நாட்டிங்ஹாம் ரீல்னு சொல்லுவாங்க. இதோட வம்சத்துக்கே பொதுப் பேரு சென்டர்பின், அதாவது நடு அச்சுச் சக்கரம். இதைத் தோண்டப் போய்த்தான் எங்க சித்தப்பாவோட யோசனையும் பழசுன்னு தெரிஞ்சது. ஐசக் வால்டன்னு ஒருத்தர் 1653-இல் மீன் பிடிக்கிறதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். இன்னிக்கு வரைக்கும் அச்சுல இருக்கிற புத்தகம். மீன் ரொம்பப் பெருசா இருந்தா கம்பைத் தண்ணியிலேயே வீசிரு, அது களைக்கிற வரைக்கும் இழுத்துட்டுத் திரியட்டும்னு அதுல இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத சித்தப்பாவும் வால்டனும் ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. காரணம் ரெண்டு பேருக்கும் இருந்தது ஒரே சங்கடம்: நூல் கம்பு நுனியில கட்டிக் கிடக்கு, நீளம் கூட்ட வழியில்லை.

இந்தச் சங்கடம் இன்னும் பழசு. மேலூர்ல தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் அகநானூறு 36-ஆம் பாட்டை எடுத்துக் காட்டினார். மதுரை நக்கீரர் பாடினது. வரால் ஒண்ணு இரும்பு முள்ளுல இருந்த இரையைக் கவ்விருது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதையத் துள்ளுது, வள்ளைக் கொடியை எல்லாம் குழப்பி விடுது. தூண்டில்காரன் இழுத்தா வரலை. கயிறு போட்ட கோபக்காரக் காளை மாதிரி விடியக்காலைக் குளத்தையே கலக்குதுன்னு சொல்லியிருக்கார். எங்க கண்மாய் மடையைத்தான் பாடி வச்சிருக்காரோன்னு தோணுச்சு. வள்ளுவர் கூட 931-ஆவது குறள்ல சூதாட்டத்துல வர்ற லாபத்தை மீன் விழுங்கின தூண்டில் முள்ளோட ஒப்பிடுறார். ஆக நம்ம ஆளுங்களுக்குத் தூண்டில் நேத்து வந்த சாமான் இல்லை. தக்கையும் நமக்குப் புதுசு இல்லை. மயிலிறகுத் தண்டு, நெட்டி, சோளத்தட்டை, இப்ப பிஞ்சு போன ரப்பர் செருப்பு. சக்கரம் ஒண்ணுதான் நம்ம பக்கம் பழக்கத்துல இல்லாதது.

சக்கரத்தை முதல்ல வச்சவன் இங்கிலீஷ்காரனும் இல்லை. சீனாவுல மா யுவான்னு ஒரு ஓவியர், சுமார் 1195-இல் ஒரு படம் வரைஞ்சிருக்கார். குளிர்ல உறைஞ்ச மாதிரி வெறும் தண்ணி, ஒரு சின்னப் படகு, தனியா ஒரு ஆள் குனிஞ்சு உட்கார்ந்திருக்கார். அவர் கையில இருக்கிற தூண்டில்ல சக்கரம் இருக்கு. இங்கிலாந்துல சக்கரத்தைப் பத்தின பேச்சு புத்தகத்துல வர்றது 1651-இல்தான், தாமஸ் பார்க்கர்ங்கிறவர் எழுதினதுல. அதுக்கப்புறமும் ரொம்பக் காலம் சக்கரம் நூலைச் சுத்தி வைக்கிற பெட்டி மாதிரிதான் இருந்தது. பித்தளையில செஞ்சு, கனமா, மெதுவாச் சுத்தும். மீன் இழுத்தா நூல் கொடுக்கும், அவ்வளவுதான்.

அதை வேற ஒரு வேலைக்குத் திருப்பினது நாட்டிங்ஹாம் ஆளுங்க. 1800-களின் முதல் பாதியில நடந்த சமாச்சாரம். அந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். காலுறை பின்னுறதும் லேஸ் நெய்யுறதும்தான் அங்க பிழைப்பு. காலுறைத் தறியைக் கண்டுபிடிச்ச வில்லியம் லீ அந்தப் பக்கத்துக்காரர், 1589-இல். 1811-இல் கூலி குறைஞ்சு வயித்துக்கு இல்லாமப் போய்த் தறிகளை உடைச்சாங்களே லட்டைட்டுகள், அந்தக் கலகம் கிளம்பினதும் அந்த ஜில்லாவுலதான். ஊரை ஒட்டி ட்ரெண்ட் ஆறு ஓடுது. சுமார் 298 கிலோமீட்டர் நீளம். காவிரி நீளத்துல பாதி கூட வராது, ஆனா வருசம் முழுக்கத் தண்ணி. தறிக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கும் அதுதான், சில வீட்டுல குழம்புக்கு மீனும் அதுதான்.

தெற்கே தேம்ஸ் ஆத்துல வசதியானவங்க தட்டைப் படகை நடு ஆத்துல நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பாங்க. நாட்டிங்ஹாம் தொழிலாளிக்குப் படகு ஏது? கரையில நின்னுதான் பிடிக்கணும். மீன் இருக்கிறதோ ஐம்பதடி, நூறடி தள்ளி. அங்க எப்படி இரையைக் கொண்டு போறது? ஆத்தையே கூலியாளா வச்சுக்கிட்டாங்க. தக்கையைக் காலடியில தண்ணியில விடு, ஓட்டம் இழுத்துட்டுப் போகும், சக்கரம் தானா சுத்தி நூலைக் கொடுக்கும். தக்கை எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரமும் இரை மீன் வாசலுக்கெல்லாம் போய் வரும். இதுதான் நாட்டிங்ஹாம் பாணி. அதுக்கு மெல்லிசான பட்டு நூல் வேணும், கனமான நூல்னா நனைஞ்சு தொங்கிரும். நூல் கம்புல ஒட்டாம இருக்க நிமிர்ந்து நிக்கிற வளையங்கள் வேணும். எல்லாத்துக்கும் மேல, தக்கை இழுக்கிற அந்த அற்பப் பலத்துக்கே சுத்துற சக்கரம் வேணும். பித்தளைச் சக்கரம் அதுக்கு ஆகாது. மரத்துல, நல்ல வால்நட் மரத்துல, கடைசல் பிடிச்சு, ஒரே ஒரு எஃகு அச்சு மேல உட்கார வச்சாங்க. பல்சக்கரம் கிடையாது, பிரேக் கிடையாது. குமிழை ஒரு சுத்து சுத்தினா உருளையும் ஒரு சுத்து. நிறுத்தணும்னா கட்டை விரலை விளிம்புல வைக்கணும். அவ்வளவுதான் எந்திரம்.

கிணத்துல வாளி இறக்கினவங்களுக்கு இது உடனே புரியும். வாளியை விட்டதும் உருளை கடகடன்னு சுத்தும், கயிறு உள்ளங்கையை உரசிக்கிட்டு ஓடும். விட்டுட்டா வாளி தொம்முனு விழுந்து கயிறு சிக்கிரும். இறுக்கிப் பிடிச்சா இறங்காது. உள்ளங்கைக்குத்தான் தெரியும் எவ்வளவு பிடிக்கணும்னு. சென்னைப் பிள்ளைங்க கிணறு பார்த்திருக்க மாட்டீங்க, மாஞ்சா போடாத காலத்துப் பட்டம் விட்டிருந்தாலும் சரி, அதே கணக்குதான்.

தக்கை மிதக்க விட்டா மீன் வந்துரும்னு நினைச்சுராதீங்க. இங்கதான் அந்த ஆளுங்களோட மூளையைப் பார்த்து நான் அசந்து போனேன். வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவனுக்குத் தெரியும், மேல மிதக்கிற வைக்கோல் வேகமாப் போகும், அடியில மண்ணை ஒட்டின தண்ணி மெதுவாப் போகும். ஆத்துலயும் அப்படித்தான். மீன் இருக்கிறது அடியில. அங்க உண்மையான தீனி மெதுவா உருண்டு வருது. தக்கை மேல்தண்ணி வேகத்துல ஓடினா, கீழ இருக்கிற புழு அதுக்குப் பின்னாடி தலைதெறிக்க ஓடும். எந்த மீனும் அதை நம்பாது. அதனால கட்டை விரலை லேசா உருளை விளிம்புல வச்சுத் தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தடுத்துத் தடுத்து விடணும். அப்பப் புழு முன்னாலயும் தக்கை பின்னாலயும் போகும். மீனுக்கு முதல்ல தட்டுப்படுறது புழு, நூலோ தக்கையோ இல்லை. அடுத்து ஈயம். சின்னச் சின்ன ஈயக்குண்டா நூல்ல கடிச்சுக் கடிச்சு வச்சு, தக்கையோட நுனி மட்டும், ஒரு நெல்லு அளவு, வெளியே தெரியிற மாதிரி சரிக்கட்டணும். தக்கை பெருசா நீட்டிக்கிட்டு இருந்தா மீன் இழுக்கும்போது கனம் தெரிஞ்சு துப்பிரும். இதெல்லாம் சித்தப்பாவுக்கும் தெரியும். மயில்தண்டுல பல் அளவு வெளியே விட்டுத்தான் கட்டுவார். தக்கை ஆடுற ஆட்டத்தை வச்சே ஜிலேபியா, கெளுத்தியா, கெண்டையான்னு சொல்லுவார். அங்கயும் பிரீம்னு ஒரு தட்டை மீன், இரையை எடுத்துட்டுத் தலையை நிமிர்த்தும், ஈயத்தோட கனம் போயிரும், தக்கை முங்குறதுக்குப் பதிலா எழும்பிப் படுத்துக்கும். எழும்பினா சுண்டணும். பழகாதவன் முங்கும்னு காத்துக்கிட்டே நிப்பான்.

அங்க அவங்க ராஜா மீன்னு கொண்டாடினது பார்பெல். நாலு மீசை, உருண்ட உடம்பு, ஓட்டத்துல அடியோட ஒட்டிக்கிட்டு நிக்கும். நம்ம மஹ்சீருக்குப் பங்காளி முறை. முந்தி ரெண்டையும் ஒரே இனப் பேர்லதான் அறிவியல்காரங்க வச்சிருந்தாங்க. ட்ரெண்ட் ஆத்துல பார்பெலுக்குக் கொழுத்த மண்புழுவை ஆயிரக்கணக்குல சேர்த்து, சில நாள் முன்னாடியே ஓரிடத்துல போட்டுப் பழக்குவாங்களாம். ராத்திரி விளக்கு எடுத்துட்டுப் புல்வெளியில புழு பொறுக்குறது ஒரு தனிப் பிழைப்பாவே இருந்திருக்கு.

இந்த வித்தையை எழுத்துல வச்சவங்களும் அந்தச் சாதாரண ஆளுங்கதான். நாட்டிங்ஹாம் வில்லியம் பெய்லி 1857-இல் ஒரு கையேடு போட்டார். அப்புறம் ஜே. டபிள்யூ. மார்ட்டின். 'ட்ரெண்ட் நீர்நாய்'ங்கிற பட்டப்பேர்ல எழுதினவர். 1882-இல் நாட்டிங்ஹாம் பாணி தக்கைத் தூண்டிலுக்குன்னே தனிப் புத்தகம் போட்டார். எனக்கு அந்தப் பட்டப்பேர் ரொம்பப் பிடிச்சுருச்சு. நம்ம ஊர்ல நல்லா மீன் பிடிக்கிறவனைக் கொக்குன்னுதான் சொல்லுவோம்.

மரச் சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு. நனைஞ்சா ஊதும், காய்ஞ்சா கோணும். என் கையில இருந்ததுக்கு வந்த அதே வியாதி. பின்தட்டு கோணாம இருக்கத்தான் அந்தப் பித்தளை நட்சத்திரம். நியூவார்க் ஊர் டேவிட் ஸ்லேட்டர் 1883-இல் ஒரு தாழ்ப்பாள் வச்சுக் காப்புரிமை வாங்கினார். அதை நகர்த்தினா உருளையைக் கையோட கழட்டித் துடைச்சு எண்ணெய் போடலாம். பெரிய மாற்றம் 1890-களின் நடுவுல. ஹென்றி காக்ஸன்னு இன்னொரு நாட்டிங்ஹாம்காரர் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்து யோசிச்சிருக்கார். கனமான உருளை எதுக்கு, கம்பி ஆரக்கால் போதுமேன்னு. காத்துல செஞ்ச மாதிரி எடையில்லாத ரீல். 'ஏரியல்'னு பேர் வச்சு ரெடிச் ஊர் ஆல்காக் கம்பெனி செஞ்சு வித்தது. ரெடிச் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். ஊசியை வளைச்சா தூண்டில் முள்தானே, ரெண்டும் அங்கதான். அந்த ஏரியலை இன்னிக்கும் பழம்பொருள்காரங்க காசைக் கொட்டி வாங்குறாங்க.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ரீலை நிழல்ல ஒரு மாசம் காய வச்சேன். வெயில்ல வச்சா வெடிச்சுரும். அப்புறம் ஊர் ஆசாரிகிட்ட கொண்டு போனேன். அவர் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளியைத் தொடலை. உடைஞ்ச கண்ணாடிச் சில்லை எடுத்து உரசுற இடத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாச் சுரண்டினார். "இதைக் கடைஞ்சவன் கை நல்ல கைப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னார், கூலி வாங்கலை. அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. ஒரு சுண்டு சுண்டினேன். சத்தமே இல்லாம சுத்துது. நாற்பது வரைக்கும் எண்ணினேன், நிக்கலை.

கம்புக்குச் சைக்கிள் போக்குக்கம்பியை வளைச்சு வளையம் கட்டினேன். காக்ஸனுக்குச் சொன்னா சிரிச்சிருப்பார். கண்மாய்ல ஓட்டம் கிடையாது, அதனால பெரியாறு கால்வாய்க்குப் போனோம். எங்க பக்கத்துக்குத் தண்ணி அந்தக் கால்வாய்லதான் வருது, 1895-இல் கட்டி முடிச்ச பென்னிகுக் அணை புண்ணியத்துல. சித்தப்பாவுக்கு இப்ப எண்பது தாண்டிருச்சு, டூவீலர்ல பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

முதல் நாள் மானம் போச்சு. வாலிஸ்னு ஒரு நாட்டிங்ஹாம்காரர் பேர்ல ஒரு வீச்சு முறை இருக்கு. கம்பை ஆட்டுறப்பவே இடது கையால நூலைப் பக்கவாட்டுல இழுத்து உருளையைச் சுழல விட்டு, அந்தச் சுழற்சியில தக்கை பறக்கணும். தக்கை தண்ணியைத் தொடுற கணத்துல கட்டை விரல் உருளையை நிறுத்தணும். நான் நிறுத்தலை. உருளை சுத்திக்கிட்டே இருக்கு, நூல் பூராவும் தேங்காய் நாரா வெளியே வந்து சிக்கிருச்சு. அவிழ்க்க ஒரு மணி நேரம். ரெண்டாவது தடவை அவசரப்பட்டுக் கையை வைக்க, சுத்துற குமிழ் விரல் கணுவுல அடிச்ச அடியில கண்ணுல தண்ணி வந்துருச்சு. சித்தப்பா பாலத்துச் சுவர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். "எதுக்குடா வீசுற? தண்ணிதான் கொண்டு போகுதே, காலடியில விடு"ன்னார். நாட்டிங்ஹாம்காரன் நாலு தலைமுறையில கத்துக்கிட்டதை அவர் ஒரு காலைப்பொழுதுல பிடிச்சுட்டார்.

கம்பை அவர்கிட்டயே கொடுத்துட்டேன். கை நடுங்குது, ஆனா கட்டை விரல் நடுங்கலை. மயில்தண்டுத் தக்கை கரையோரமா ஆடி ஆடிப் போகுது, சக்கரம் மெதுவாச் சுத்துது. அவர் தடுத்துத் தடுத்து விடுறார், நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஒரு எண்பது தொண்ணூறு அடி போயிருக்கும். தக்கை காணோம். விரலை அழுத்திக் கம்பைத் தூக்கினார். மீன் ஓடினதும் விரலை எடுத்துட்டார். உருளை சர்ருனு ஓடுச்சு. நின்னதும் ரெண்டு சுத்து சுத்தினார். மறுபடி ஓடுச்சு, விட்டார். எந்தக் கண்மாயிலிருந்தோ தப்பி வந்த ரோகு, முக்கால் கிலோ இருக்கும், பெருசு ஒண்ணும் இல்லை. ஆனா கரைக்கு வந்ததும் அவர் மீனைப் பார்க்கலை, சக்கரத்தைத்தான் பார்த்தார். "இது அன்னிக்கு இருந்திருந்தா கம்பை ஏன்டா வீசப் போறேன்"ன்னார்.

வெள்ளைக்காரன் இந்தச் சாமானை நம்ம ஊருக்குக் கொண்டு வந்தது ஆச்சரியம் இல்லை. மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு கலெக்டர், தென்கன்னடத்துல வேலை பார்த்தவர், 1873-இல் இந்தியாவுல தூண்டில் போடுறதைப் பத்திப் பெரிய புத்தகம் போட்டார். அது மஹ்சீர் மாதிரி ஆத்து மீனுக்கு. அதோட விடலை. 1887-இல் குளம் கண்மாய்ல தூண்டில் போடுறதுக்குன்னே இன்னொண்ணு எழுதினார். கண்மாயை வச்சு வரி கணக்குப் போட்ட கலெக்டர்கள்தான் நமக்குத் தெரியும், தக்கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்த கலெக்டரும் ஒருத்தர் இருந்திருக்கார். எங்க பக்கம் அந்தப் பழக்கம் ஒட்டலை. வங்காளத்துல ஒட்டிக்கிச்சு. கல்கத்தா பக்கம் குளத்துல ரோகு, கட்லா பிடிக்கிறவங்க இன்னமும் நடு அச்சுச் சக்கரம் வச்சிருக்காங்க, 'ஹுயில்'னு சொல்லுவாங்க, வீல்ங்கிறதுதான் அப்படி ஆயிருச்சு. தக்கைக்கு அங்கயும் மயிலிறகுத் தண்டுதான். அந்தப் பக்கத்து மூங்கிலும் சும்மா இருக்கலை, 'கல்கத்தா மூங்கில்'ங்கிற பேர்ல கப்பலேறிப் போய் இங்கிலாந்துல தூண்டில் கம்பா ஆச்சு.

இந்தச் சக்கரத்தோட செல்வாக்கை முடிச்சதும் ஒரு நெசவுக்காரர்தான். ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த், பிராட்ஃபோர்டு ஊர்ல கம்பளி மில் முதலாளி. மில்லுல நூல்கண்டு சுத்தாமலே அதோட தலைப்பக்கமா நூல் உருவி வர்றதைப் பார்த்து, 1905-இல் உருளை சுத்தாத ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். இப்ப நீங்க ஆன்லைன்ல எட்டு நூறு ரூபாய்க்கு வாங்குற ரீல் எல்லாம் அதோட பேரன் பேத்திகள். யாரு வேணும்னாலும் பத்து நிமிசத்துல வீசக் கத்துக்கலாம், மீன் இழுத்தா எந்திரமே பார்த்து நூல் விடும். ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் நைலான் நரம்பும் வந்து சேர, நடு அச்சுச் சக்கரம் பரணுக்குப் போயிருச்சு. ஓடுற தண்ணியில தக்கை விடுறதுக்கு மட்டும் இதை மிஞ்ச ஒண்ணு இல்லைன்னு இன்னமும் பிடிவாதமா இருக்கிறவங்க உண்டு. கனடாவுல ஆறு ஏறி வர்ற ஸ்டீல்ஹெட் மீனுக்கு இதுதான் வேணும்னு ஒரு கூட்டமே இருக்கு.

மீன் பிடிக்கிறவன்தான் மீனை அழிப்பான்னு ஒரு பேச்சு நம்ம ஊர்ல உண்டு. அங்க நடந்ததைச் சொல்றேன். முட்டை போடுற காலத்துல ஆத்து மீனைப் பிடிக்கக் கூடாதுன்னு 1878-இல் சட்டம் வந்தது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை. கொண்டு வந்த எம்.பி. முண்டெல்லா, ஷெஃபீல்டு தொகுதிக்காரர். அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி நாட்டிங்ஹாம்ல காலுறைத் தொழில் நடத்தினவர். ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் தொழிலாளிகள் சங்கம் சேர்ந்து ரயில் ஏறி ஊர் ஊராத் தூண்டில் போடப் போன காலம் அது. கரை நிலம் வச்சிருக்கிறவனுக்குத்தான் மீன் பிடிக்கிற உரிமைங்கிறது அங்க சட்டம். அதனால ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கரையைக் குத்தகைக்கு எடுத்தாங்க. 1987-இல் அன்னப்பறவைங்க சின்ன ஈயக்குண்டை முழுங்கிச் சாகுதுன்னு ஈயத்தைத் தடை பண்ணினாங்க, அதுக்கும் மாறிக்கிட்டாங்க. ட்ரெண்டைக் கெடுத்தது தூண்டில் இல்லை. பர்மிங்ஹாம் கழிவைச் சுமந்துட்டு வந்த டேம் ஆறும், ஆலைச் சாயமும் சாக்கடையும்தான். போன நூற்றாண்டு நடுவுல மைல் கணக்குல மீனே இல்லாத தண்ணியா ஓடியிருக்கு. சுத்திகரிப்பு நிலையம் கட்டி, ஆலைகளைக் கட்டுப்படுத்தி, 1960-களுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மீண்டது. இப்ப பார்பெல் திரும்ப நிறைய. பிடிச்சுப் பார்த்துட்டுத் தண்ணியிலேயே விட்டுடுறாங்க. அதை மட்டும் சித்தப்பாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை.

எங்க கண்மாய் இப்ப மீன்பாசி ஏலத்துல இருக்கு. ஏலம் எடுத்தவர் காசு கட்டிக் குஞ்சு விட்டிருக்கார், அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. ஆனா பள்ளிக்கூடத்துப் பையன் ஒரு குச்சியில நூல் கட்டி உட்கார்ந்தாலும் காவலாள் வந்து முறிச்சுப் போடுறான். போன வருசம் என் பேரன் கம்பும் முறிஞ்சது. கோடையில கண்மாய் வத்தினதும் மீன்பிடித் திருவிழா வைக்கிறோம், கச்சாவும் வலையும் எடுத்துட்டு ஊரே இறங்குது, அது ஒரு நாள் கூத்து. சேத்துல அள்ளத் தக்கை எதுக்கு? தக்கையைப் பார்த்து மீனைச் சொல்லுற கண்ணு எங்க ஊர்ல இப்ப மூணு பேருக்கு இருக்கலாம், சித்தப்பாவையும் சேர்த்து. நாங்க நாலஞ்சு பேர் ஏலக்காரர்கிட்ட பேசியிருக்கோம். மடைக்கு மேற்கே ஒரு ஓரம், பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க, மூங்கில் தூண்டில் மட்டும், வாரத்துல ஒரு நாள். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்.

ரீலை அந்தத் தம்பிகிட்ட திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் தாத்தாகிட்டயே இருக்கட்டும்ணே"ன்னார். கால்வாயை அடைச்சுட்டாங்க, இனி புரட்டாசி வாக்குலதான் திறப்பாங்க. சித்தப்பா தலைமாட்டுல, அதே வேட்டித் துணியில சுத்தி இருக்கு. பத்து நாளைக்கு ஒரு தடவை தையல் மிஷின் எண்ணெய் கேட்டு ஆள் அனுப்புறார்.